அறுபத்தொன்றாவது பெயர்

பதிவு எண் 1
2024 ஜூலை 1, திங்கட்கிழமை. காலை மணி 5.40.

இக்குறிப்பேட்டை நான் என் விருப்பத்தின்பேரில் தொடங்கவில்லை. நேற்று இரண்டாம் திருப்பலிக்குப் பின் கூடிய பள்ளி – பங்கு கூட்டுக் குழுவில், பங்குத்தந்தை வியான்னி அடிகளார் பணித்தபடி தொடங்குகிறேன். குழுவின் செயலர் என்ற முறையில், ஜூலை 31 வரை நடப்பவற்றை எழுதி அவரிடம் நான் ஒப்படைக்க வேண்டும்.

காரணம் வருமாறு. புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் இன்றைய நிலையில் அறுபது பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகஸ்டு முதல் தேதியன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படும். அறுபது வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று என்றால் மூன்று. ஒரு பிள்ளை கிடைக்காவிட்டால் மூன்றாவது ஆசிரியையான கிளாரா டீச்சர் வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்க வேண்டிவரும்.

"ஒரே ஒரு பிள்ளைதானே சார்" என்றார் அடிகளார். அவருக்கு வயது முப்பத்துநான்கு.

"ஒன்று என்பதும் எண்ணிக்கையே, ஃபாதர்" என்றேன். அப்பள்ளியில் 1984 முதல் 2008 வரை தலைமையாசிரியராக இருந்தவன் நான். பதிவேடுகளைப் பற்றி எனக்குத் தெரியும்.

வீட்டு விவரம்: என் மனைவி மதலேனம்மாள் இறந்து இன்றோடு இருபத்தெட்டு நாட்கள். சமையலறைப் பாத்திரங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். எண்பத்தொன்றில் ஒன்று குறைகிறது. எவர்சில்வர் தூக்குவாளி. அதன் மூடி என்னிடம் உள்ளது. என் மாத்திரைகளை அதில்தான் போட்டு வைக்கிறேன். வாளியைக் காணவில்லை.

பதிவு எண் 2
2024 ஜூலை 3, புதன்கிழமை. காலை மணி 9.15.

புனித தோமையார் திருநாள். மதலேனம்மாளின் முப்பதாம் நாள் திருப்பலியும் இன்றே. திருப்பலி 6.04க்குத் தொடங்கியது. நான்கு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் ஒலிபெருக்கி.

அடக்கத்தன்று வந்தவர்களின் பட்டியலை இன்று செம்மைப்படுத்தினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நன்றிக் கடிதம் அனுப்பப் பட்டியல் தேவை. ஆலயத்தின் கடைசித் தூணை ஒட்டி ஒரு குழந்தையுடன் நின்ற ஒருவரின் பெயர் எழுதப்படவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும் வரிசையில் அவரும் வந்தார் என்று சொன்னார்கள். நான் அப்போது குனிந்திருந்தேன்.

பட்டியலில் எழுத, என்ன உறவு என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். அதனால் விட்டுவிட்டேன்.

பதிவு எண் 3
2024 ஜூலை 6, சனிக்கிழமை. மாலை மணி 6.10.

குழுக் கூட்டம். எங்கள் பங்கு எட்டு அன்பியங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றிலும் முப்பது, முப்பத்தைந்து குடும்பங்கள். ஓர் அன்பியத்துக்கு இருவர் வீதம் சென்று, ஐந்து வயது நிரம்பிய பிள்ளை எந்த வீட்டிலாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளியின் தலைமையாசிரியை சகோதரி எமிலியானா பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். எனக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர் சந்தியாகுவுக்கும் அன்னம்மாள் அன்பியம் விழுந்தது. அதன் பெரும்பகுதி ரயில்வே கேட்டுக்கு அப்பால் உள்ளது.

எனக்கு அப்பகுதி வசதிப்படாது என்று தெரிவித்தேன். அங்கே தூசி அதிகம். வங்கிக்குச் செல்வதானாலும் நான் புறவழிச் சாலையில் சுற்றியே செல்வது வழக்கம்.

"ஒம்பது வருசமா சுத்துதீய அண்ணாச்சி" என்றார் சந்தியாகு. "ஒண்ணேகால் கிலோமீட்டர் கூடுதல். நா தபால் போட்ட ஆளு, எனக்குத் தெரியாதா? இத்தனை வருசத்துல நீங்க சுத்துன தூரத்துக்கு வேளாங்கண்ணிக்குப் பத்து தடவ நடந்தே போயிட்டு வந்திருக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். அடிகளார் கூட்டத்தை முடித்துவைத்துச் செபித்தார்.

பதிவு எண் 4
2024 ஜூலை 8, திங்கட்கிழமை. காலை மணி 7.00.

சாரல். குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை. மாத்திரை இரண்டு.

பதிவு எண் 5
2024 ஜூலை 10, புதன்கிழமை. பிற்பகல் மணி 1.30.

அன்னம்மாள் அன்பியத்தில் கேட்டுக்கு இப்பால் உள்ள ஒன்பது வீடுகளை முதலில் முடித்துவிடலாம் என்று சந்தியாகுவிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். ஒன்பது வீட்டிலும் இன்று நடந்தது ஒன்றே. நாற்காலி போட்டார்கள்; காப்பி தந்தார்கள்; பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறது என்றார்கள்.

ஏழாவது வீட்டில் ஓர் இளம் தாய் வெளிப்படையாகப் பேசினாள். அவளை நான்தான் முதல் வகுப்பில் சேர்த்தேன்; சேர்க்கை நாள் 1999 ஜூன் 7.

"சார், கோவிச்சுக்கிடாதிய. வேன் வாசல்ல வந்து நிக்கி. டை கட்டி விடுதாங்க. ஒங்க பள்ளிக்கூடத்துல என்ன இருக்கு?"

"நீ படித்தாய்."

"அதான் சார் சொல்லுதேன். நா படிச்சு என்ன செய்யுதேன்? சமைச்சுட்டு இருக்கேன்."

சந்தியாகு தலையைத் திருப்பிக்கொண்டு காப்பி குடித்தார். வெளியே வந்ததும், "பதில் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை என்றேன். எழுதியிருக்கிறேன்.

மீதி இருப்பவை கேட்டுக்கு அப்பால் உள்ள இருபத்துமூன்று வீடுகள்.

பதிவு எண் 6
2024 ஜூலை 13, சனிக்கிழமை. மாலை மணி 5.20.

வீடு வீடாக ஏறி இறங்குவதைவிட, எந்த வீட்டில் என்ன வயதில் பிள்ளை உள்ளது என்பதை முன்பே அறிந்து செல்வது முறை. மரியாயின் சேனை என்ற செபக் குழுவின் பெண்கள் வாரந்தோறும் வீடுகளைச் சந்திக்கிறவர்கள். அவர்களுடைய செயலர் ஞானம்மாள், சந்தியாகுவின் மனைவி. சேனையில் எவரும் தனியாகச் செல்வதில்லை. இருவர் இருவராகவே செல்வார்கள். ஞானம்மாளும் மதலேனம்மாளும் இணை.

ஞானம்மாள் மாவு சலித்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கைமாவைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டுக்கு அங்கிட்டு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு வீட்ல ஒரு புள்ள இருக்கு அண்ணாச்சி. பள்ளிக்கூட வயசுதான்."

"பெற்றோர் பெயர்?"

"நாங்க வீட்டுப் பேரச் சொல்லக் கூடாது. சேனை விதி. ஒங்களுக்குத் தெரியாததா?"

"அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும்?"

"நோட்டத் தாரேன். படிங்க. நா வாயால சொல்லல, நீங்க கண்ணால பாத்துக்கிடுங்க." உள்ளே போய் நான்கு தடித்த நோட்டுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவ எங்க போறான்னு ஒரு நாளாவது கேட்டீயளா?"

"கேட்கக் கூடாது என்பதும் சேனை விதியே."

"ஆமா" என்றார். "ஒங்களுக்கு விதி ரொம்ப ஒத்தாசையா இருந்திருக்கு."

நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன். ரசீது எழுதித் தந்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

பதிவு எண் 7
2024 ஜூலை 15, திங்கட்கிழமை. முற்பகல் மணி 11.00.

நான்கு நோட்டுகளையும் படித்து முடித்தேன். சனிக்கிழமை செல்லும் சந்திப்பை ஞாயிறு கூட்டத்தில் சொல்வார்கள். செயலர் சுருக்கமாக எழுதிக்கொள்வார். மதலேனம்மாளின் முதல் அறிக்கை இது:

"19.9.2015. ஒரு வீடு. தகப்பனிடமிருந்து பிரிந்திருக்கும் குடும்பம். செபித்தோம். சந்திப்பு தொடரப்படும்."

என் மகள் பெர்னதெத், ரயில்வேயில் வேலை பார்க்கும் குமரவேல் என்ற இந்து இளைஞரைப் பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டது 2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. இரு தேதிகளுக்கும் இடையே எட்டு நாட்கள்.

அதன் பிறகு அவள் சென்ற எல்லா வாரமும் "அதே வீடு" என்றே உள்ளது. 2020 மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை அறிக்கை இல்லை. அது ஊரடங்குக் காலம். அந்த ஆறு மாதமும் அவள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். இரத்த அழுத்தம் என்று கருதி மருந்தை மாற்றச் சொன்னேன்.

"27.7.2019. அதே வீடு. திங்களன்று பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்."

"11.1.2020. அதே வீடு. குழந்தை குப்புற விழுந்தது."

குப்புற விழுந்தது என்பது விபத்து அல்ல என்பதை இரண்டாம் முறை படித்தபோது உணர்ந்தேன். ஐந்தரை மாதம்.

கடைசி அறிக்கை, அவள் இறப்பதற்கு முந்தைய நாளான ஞாயிறன்று எழுதப்பட்டது:

"1.6.2024. அதே வீடு. குழந்தைக்குக் கொழுக்கட்டை கொண்டுபோனது. வாளியை மூட மூடி இல்லாததால் வாழையிலை போட்டுக் கட்டியது. வாளி அங்கேயே உள்ளது. அடுத்த வாரம் எடுத்துவரப்படும்."

பாத்திரக் கணக்கு சரியாகிவிட்டது.

2019 ஜூலை 27 சனி. எனவே திங்கள் என்பது ஜூலை 22. அக்குழந்தைக்கு இம்மாதம் 22ஆம் தேதி ஐந்து வயது நிறைகிறது. ஜூலை 31க்குள் ஐந்து நிறைந்தால் முதல் வகுப்பில் சேர்க்கலாம். எல்லா வகையிலும் தகுதியுள்ள பிள்ளை.

பதிவு எண் 8
2024 ஜூலை 17, புதன்கிழமை. காலை மணி 8.30.

முடி வெட்டிக்கொண்டேன். ஒன்பது நாட்கள் முன்கூட்டியே.

பதிவு எண் 9
2024 ஜூலை 20, சனிக்கிழமை. மாலை மணி 5.00.

சந்தியாகுவுடன் ரயில்வே கேட் வரை சென்றேன். 3.52க்குக் கேட் மூடப்பட்டது. சரக்கு ரயில்; நாற்பத்திரண்டு பெட்டிகள். கேட் திறந்தது. சைக்கிள்கள், ஆட்டோக்கள், ஓர் ஆட்டு மந்தை கடந்து சென்றன. கேட் மறுபடி மூடப்பட்டது. பயணிகள் ரயில். திறந்தது.

"அண்ணாச்சி, தண்டவாளம் ரெண்டுதான். நாலு எட்டு வச்சா அந்தப் பக்கம்" என்றார் சந்தியாகு.

"சேர்க்கைப் படிவத்தை எடுத்துவர மறந்துவிட்டேன்."

"சட்டப் பையில என்ன நீட்டிட்டு இருக்கு?"

"இது பழைய படிவம்."

அவர் என்னைப் பார்த்து, "பழைய படிவம்ங்கற வார்த்தைய ஒங்க வாயால கேட்டா எனக்குப் பழசெல்லாம் நெனப்புக்கு வருது அண்ணாச்சி" என்றார்.  திரும்பிவிட்டோம்.

பதிவு எண் 10
2024 ஜூலை 22, திங்கட்கிழமை.

ஐந்து ஆண்டுகள் பூர்த்தி.

பதிவு எண் 11
2024 ஜூலை 24, புதன்கிழமை. காலை மணி 10.05.

சந்தியாகு பழைய படிவத்தைப் பற்றிச் சொன்னது ஏன் என்பதை அடிகளார் அறியமாட்டார். அவர் இப்பங்குக்கு வந்தது 2022இல். எனவே விளக்கம் எழுதிவைக்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத ஒருவரை ஆலயத்தில் மணமுடிக்க, ஆயர் இல்லத்திலிருந்து முறைவிலக்கு பெற வேண்டும். பெர்னதெத்தும் குமரவேலும் அதற்கு முறைப்படி விண்ணப்பித்தார்கள். அப்போதைய பங்குத்தந்தைக்கு எந்தத் தடையும் இல்லை. விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவது, பங்குப் பேரவைச் செயலர் என்ற வகையில், என் பொறுப்பு.

2015 ஜூலை 3: மணமகனின் பிறந்த நாள் விண்ணப்பத்தில் 24 என்றும் சான்றிதழில் 25 என்றும் இருந்தது. திருப்பி அனுப்பினேன்.
2015 ஜூலை 24: சாட்சி ஒருவரின் முகவரியில் கதவு எண் இல்லை. திருப்பி அனுப்பினேன்.
2015 ஆகஸ்டு 21: பிறந்த நாள் மீண்டும் 24 என்றே எழுதப்பட்டிருந்தது; படிவமும் பழைய அச்சு, புதிய படிவம் அதே மாதம் 1ஆம் தேதிமுதல் நடைமுறைக்கு வந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். அதைத் திரும்ப வாங்க அவள் வரவில்லை. அந்த விண்ணப்பம் இன்றும் என் அலமாரியில், இரண்டாம் தட்டில் உள்ளது.

மூன்று முறையும் குறை உண்மையானது. நான் மறுத்தேன் என்று ஊரார் சொல்வது சரியன்று. நான் எதையும் மறுக்கவில்லை.

இதனுடன் தொடர்புடைய இன்னொரு விவரம். 2015 ஆகஸ்டு 14 அன்று சந்தியாகுவின் அண்ணன் மகனுக்கும் இதே போன்ற விண்ணப்பம் வந்தது. அதில் பிறந்த ஆண்டே தவறாக இருந்தது. படிவமும் பழைய அச்சு. சந்தியாகு அவசரம் என்றார். தவறான ஆண்டை என் பேனாவால் அடித்துத் திருத்தி, சுருக்கொப்பம் இட்டு, அன்றே அனுப்பிவைத்தேன். ஆயர் இல்லத்தில் எவரும் கேள்வி கேட்கவில்லை. அரை நிமிட வேலை.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

பதிவு எண் 12
2024 ஜூலை 27, சனிக்கிழமை. மாலை மணி 6.45.

3.40க்குக் கேட்டைக் கடந்தேன். மூடியிருக்கவில்லை. சந்தியாகு உடன் வந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு. கதவு எண் 14. முற்றத்தில் ஒரு பெண் குழந்தை குத்தவைத்து, எவர்சில்வர் தூக்குவாளியில் தண்ணீர் மொண்டு ஒரு செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. வாளியின் வயிற்றில் பொறித்த எழுத்துகளை நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது: "இ. பெர்னதெத், புது நன்மை, 14.5.1995." என் மகள் முதன்முதல் நற்கருணை பெற்ற நாள் அது; எழுத்து வெட்டும்போது கடைக்காரருக்கு அருகில் நின்று தேதியைச் சரிபார்த்தவன் நான்தான். மூடியிலும் அதே எழுத்துகள் உள்ளன.

"ஒம் பேரு என்ன தாயி?" என்று சந்தியாகு கேட்டார்.

"நறுமுகை. ஒங்க பேரு?"

"சந்தியாகு."

"இவங்க பேரு?"

"இவரா? இவரு பேரு எட்மாஸ்டர்."

பெர்னதெத் வாசலுக்கு வந்தாள். கையில் நனைந்த துணி. தலைமுடி காதோரம் நரைத்திருக்கிறது. முப்பத்தெட்டு வயதுக்கு அது முன்கூட்டியது.

"வாங்க" என்றாள். யாரை என்று தெளிவாக இல்லை. சந்தியாகு குழந்தையுடன் முற்றத்திலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே சென்றேன். மதலேனம்மாளின் படம் மாலையுடன் சுவரில் இருந்தது. அவள் அப்படிச் சிரித்து எடுத்த படம் எதுவும் என் வீட்டில் இல்லை.

படிவத்தை மேசையில் வைத்தேன். பள்ளியின் நிலைமை, ஆகஸ்டு முதல் தேதியின் முக்கியத்துவம், கிளாரா டீச்சரின் பணியிடம், குழந்தையின் வயதுத் தகுதி ஆகியவற்றை முறையாக விளக்கினேன். நான்கு நிமிடங்கள் ஆயின. அவள் குறுக்கிடவில்லை.

"ஆக, எத்தனாவது புள்ள வேணும் ஒங்களுக்கு?"

"அறுபத்தொன்று."

"அறுபத்தொண்ணு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "அம்மா ஒம்பது வருசம் வந்தா. எம் புள்ளைய எதுக்கும் கேட்டதில்ல. ஞானஸ்நானம் குடுன்னுகூட ஒரு வார்த்த சொல்லல. வருவா, ஒக்காருவா, புள்ளைக்குத் தல சீவுவா, போயிருவா."

"அவள் சேனைப் பணியாக..."

"அப்பா, அவ என்னையும் பேத்தியையும் பாக்க வந்தா. அதுக்கு வச்ச பேரு சேனை."

நான் படிவத்தை மேசை ஓரத்துக்கு நேராக்கி வைத்தேன்.

"அடக்கத்தன்னிக்கு வரிசைல வந்தேன். மண் போட்டேன். ஒங்களுக்கு ஒரு முழம் தள்ளிதான் நின்னேன். நிமிந்து பாக்கல நீங்க." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "ஒரு கேள்வி. சரியான பதிலாச் சொல்லுங்க, நீங்கதான் பொய் சொல்ல மாட்டீயளே. இப்ப பள்ளிக்கூடத்துக்காக வந்தீயளா, எனக்காக வந்தீயளா?"

இரண்டு காரணங்களும் தனித்தனியே உள்ளன. தனித்தனியே பரிசீலிக்க வேண்டியவை என்று கூறினேன்.

அவள் சிரித்தாள். அது மதலேனம்மாளின் சிரிப்பு.

"அப்படின்னா மொத காரணத்த எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டாவது காரணம் நெசமா இருந்தா, எண்ணி முடிச்ச பெறகு வாங்க."

படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள். காப்பி தந்தாள். சர்க்கரை போடவில்லை. எனக்குச் சர்க்கரை நோய் வந்தது 2018இல். அவளுக்கு எப்படித் தெரியும் என்பதை நான் கேட்கவில்லை.

பதிவு எண் 13
2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 10.40.

இன்று திருச்சபையில் தாத்தா பாட்டிகள் நாள். பள்ளிப் பிள்ளைகள் முதியோருக்கு ஆளுக்கொரு ரோசாப்பூ கொடுத்தார்கள். எனக்கும் கிடைத்தது. தண்ணீரில் வைத்திருக்கிறேன்.

பதிவு எண் 14
2024 ஜூலை 29, திங்கட்கிழமை. மாலை மணி 6.00.

அவசரக் கூட்டம். ஏழு அன்பியங்களிலிருந்தும் இல்லை என்ற அறிக்கை. கடைசியாக என் முறை.

"அன்னம்மாள் அன்பியத்தில் தகுதியுள்ள குழந்தை ஒன்று உள்ளது. பெற்றோரின் இசைவு கிடைக்கவில்லை" என்றேன்.

சகோதரி எமிலியானா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த வீடு சார்? நானே போறேன். கால்ல விழுந்தாவது கேக்குறேன்."

"நான் வரேன் சிஸ்டர். கிளாரா டீச்சரையும் கூட்டிட்டுப் போவோம். டீச்சரப் பார்த்தா யாருக்கும் மனசு வரும்" என்றார் அடிகளார்.

உண்மை. கிளாரா டீச்சர் நேரில் வந்து நின்றால் பெர்னதெத் மறுக்கமாட்டாள். அவள் குணம் எனக்குத் தெரியும். பத்து வயதில் தன் மதிய உணவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட்டு வருவாள்.

"கதவு எண்ணைச் சொல்லுங்க சார்."

நான் பேனாவை மூடினேன்.

"சார்?"

"சொல்வதற்கில்லை, ஃபாதர்."

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்குழுவில், கேட்ட விவரத்தை நான் கொடுக்காமல் இருந்ததில்லை.  கிளாரா டீச்சர் வாசற்படியருகே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி. என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பைப் பார்த்தேன்.

வெளியே சந்தியாகு காத்திருந்தார். "நா போயி ரெண்டு வார்த்த சொன்னா அந்தப் புள்ள கேக்கும் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"வேண்டாம்."

"கிளாரா டீச்சர் பாவம்லா?"

"ஆம்."

"பெறகு?"

"இம்முறை கேட்டால், இனி ஒருபோதும் கேட்க முடியாது" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என் கைக்குடையை வாங்கி அவரே விரித்துக் கொடுத்தார். மழை இல்லை.

பதிவு எண் 15
2024 ஜூலை 31, புதன்கிழமை. மாலை மணி 5.30.

லொயோலா புனித இஞ்ஞாசியார் திருநாள். இன்னாசிமுத்து என்ற என் பெயருக்குரிய திருநாளும் இதுவே. கடந்த ஆண்டுவரை இந்நாளில் பாயசம் உண்டு.

4.10க்குச் சேர்க்கைப் பதிவேடு மூடப்பட்டது. கடைசி வரிசை எண் அறுபது.

பதிவு எண் 16
2024 ஆகஸ்டு 1, வியாழக்கிழமை. பிற்பகல் மணி 2.00.

வட்டாரக் கல்வி அலுவலர் 11.20க்கு வந்தார், எண்ணினார், கையொப்பமிட்டார். கிளாரா டீச்சரின் பணியிடம் உபரி என்று குறிக்கப்பட்டது.

நான் டீச்சரிடம் சென்று, கதவு எண்ணைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு, அக்காரணம் பள்ளியைச் சார்ந்தது அன்று, என்னைச் சார்ந்தது என்று தெரிவித்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "பெர்னா எங்கூடப் பாட்டுக் குழுவுல பாடுனவ. அவ வீடு எனக்குத் தெரியாதா? நானே போயிருக்கலாம். போகல." சாக்பீஸ் பெட்டியை மூடினார். "போற எடத்துக்கு எட்டு மணிக்கு ஒரு பஸ் இருக்காம். ஒக்காந்து போகலாம்னு சொல்றாங்க."

குழுவின் செயலர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தையும், கடந்த மாத நடவடிக்கையின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் அடிகளாரிடம் கொடுத்தேன். முழுக் குறிப்பேடு எங்கே என்று கேட்டார். அது வேறொருவருக்கு எழுதப்பட்டதாகிவிட்டது என்றேன்.

பதிவு எண் 17
2024 ஆகஸ்டு 2, வெள்ளிக்கிழமை. காலை மணி 8.50.

கடிதத்தின் நகல்.

நேரில்.

பெறுநர்: திருமதி கு. பெர்னதெத், கதவு எண் 14, தண்ணீர்த் தொட்டித் தெரு.

அன்புள்ள பெர்னதெத்,

இன்று ஆகஸ்டு இரண்டாம் தேதி. எண்ணி முடித்துவிட்டார்கள். அறுபதுதான். நறுமுகையின் பெயரால் இனி எவருக்கும் எந்தப் பயனும் இல்லை. எனவே நீ குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறியது எனக் கருதுகிறேன்.

சனிக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில்: உனக்காக. அன்று இதைச் சொல்லியிருந்தால் பாதி உண்மையாக இருந்திருக்கும்.

2015இல் உன் விண்ணப்பத்தில் இருந்தது அரை நிமிட வேலை. இதைப் பற்றிப் பதிவு எண் 11இல் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அம்மா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இதுவரையிலும் வரவில்லை. இதை உன்னிடம் தெரிவிப்பது முறையா என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் தெரிவிக்க இயலாது.

கேட் 9.35க்கு மூடும். அதற்கு முன் கடந்துவிடுவேன். இக்கடிதத்தை நீ படிக்கும்போது நான் முற்றத்தில் நிற்பேன். உள்ளே அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிற்க முடியும், குடை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. இன்னாசிமுத்து.

இணைப்பு:

1. குறிப்பேடு ஒன்று. பதிவுகள் 1 முதல் 17 வரை.

2. முறைவிலக்கு விண்ணப்பம், 2015. மணமகனின் பிறந்த நாள் 24 என்பது 25 என என் பேனாவால் திருத்தப்பட்டு, இன்றைய தேதியிட்டுச் சுருக்கொப்பம் இடப்பட்டுள்ளது. இதைக்கொண்டு நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை.

3. அம்மா உன் வீட்டுக்கு வந்த சனிக்கிழமைகளின் பட்டியல். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு தேதிகள். ஞானம்மாளின் அனுமதியுடன் என் கையால் படி எடுத்தது.

4. அடக்கத்துக்கு வந்தவர்களின் பட்டியல். இருநூற்றுப் பதின்மூன்று பேர் எனத் திருத்தப்பட்டது. விடுபட்ட பெயரைக் கடைசியில் சேர்க்காமல், பட்டியல் முழுவதையும் மீண்டும் எழுதி, வரிசை எண் 1இல் சேர்த்திருக்கிறேன். உறவு என்ற கட்டத்தில்: மகள்.

5. முதல் வகுப்புச் சேர்க்கைப் படிவம் ஒன்று. நிரப்பப்படாதது. தேதி இடவில்லை.

6. எவர்சில்வர் தூக்குவாளியின் மூடி ஒன்று. மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். கழுவித் துடைத்தது.